கைராசியும் கள்ளிச்செடியும்



செடி வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் வாயில் முதலில் வரும் சொல் ‘கைராசி’. செடி தழைத்தால் கைராசி உண்டு. பட்டுப்போனால் கைராசி இல்லை. அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஏன் பட்டது, எந்த இடத்திலிருந்து பட்டது, எத்தனை நாளாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. இதைக் குழந்தைகளுக்கு முன்பாகவே சொல்கிறோம். “உன் கையில் செடி நிற்காது, விட்டுவிடு” என்று குழந்தையைப் பார்த்தே சொல்பவர்களும் உண்டு.

இந்தச் சொல் பூச்சட்டியோடு நின்றுவிட்டால் நான் இதை எழுத வேண்டிய தேவை இல்லை. அது நிற்பதில்லை. “இவனுக்குக் கணக்கு வராது”, “இவள் கைக்கு ஓவியம் படியாது”, “எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் ஆங்கிலம் வராது” என்று பெற்றோர் சந்திப்பு நாளில் நான் கேட்கும் வாக்கியங்கள் எல்லாம் அதே அச்சில் வார்க்கப்பட்டவை. தோல்விக்குக் காரணத்தைத் தேடாமல், தோற்றவன் மேலேயே ஒரு முத்திரையைக் குத்திவிடும் பழக்கம் அது. பத்து வயதுக் குழந்தைக்கு அந்த முத்திரையை அழித்தெழுதத் தெரியாது. அது சொன்னதை நம்பிவிடும்.

என் கருத்து இதுதான். கைராசி என்று ஒன்று இல்லை. காரணம் என்று ஒன்று உண்டு. அதைக் குழந்தையின் கண்ணுக்கு நேராகக் காட்டுவதற்குச் சில வெள்ளிச் செலவில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கள்ளிச்செடியை நாமே ஒட்டுக்கட்டி வளர்ப்பதுதான் அது.

சிவப்புத் தலையின் கதை

இரவுச் சந்தைகளிலும் பூச்செடிக் கடைகளிலும் கைக்கடக்கமான சட்டியில் ஒரு கள்ளி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே பச்சை நிறத்தில் மூன்று விளிம்புகள் கொண்ட தண்டு. மேலே சிவப்பாகவோ மஞ்சளாகவோ உருண்டையான ஒரு தலை. குழந்தைகள் அதைப் பூ என்றே நினைக்கின்றனர். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கின்றனர்.

அது பூ அன்று. அது ஒரே செடியும் அன்று. இரண்டு வெவ்வேறு கள்ளிகளை வெட்டி ஒட்டிய ஒட்டுச்செடி அது. கீழே நிற்கும் பச்சைத் தண்டு, நாம் ‘பூவா நாகா’ என்று வாங்கி உண்ணும் டிராகன் பழத்தின் தண்டு. மேலே இருப்பது ஜிம்னோகலிசியம் மிகானோவிச்சி என்னும் கள்ளி. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் பராகுவே நாடும் அதையொட்டிய அர்ஜென்டினாவின் வடபகுதியும்.

அந்தக் கள்ளி இயற்கையில் சிவப்பாக இருப்பதில்லை. 1940களில் ஜப்பானிய நாற்றுப் பண்ணை ஒன்றில் விதையிலிருந்து முளைத்த கன்றுகளுக்கிடையே பச்சையமே இல்லாத சிவப்புக் கன்றுகள் தோன்றின. பச்சையம் இல்லையென்றால் ஒளிச்சேர்க்கை இல்லை; உணவு இல்லை. விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் அவை மடிந்துபோக வேண்டியவை. வேறொரு பச்சைக் கள்ளியின் மேல் வைத்து ஒட்டியதால்தான் அவை பிழைத்தன. பச்சை மறைந்ததால் வெளியே தெரியும் அந்தச் சிவப்பு, பீட்ரூட் கிழங்கைச் சிவப்பாக்கும் நிறமிகளின் இனத்தைச் சேர்ந்தது. இன்று தென்கொரியா இத்தகைய ஒட்டுக்கள்ளிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது.

இந்த உண்மையை அறிந்தவுடன், ‘கைராசியால்’ செத்த செடியின் கதையே மாறிவிடுகிறது. சிவப்புத் தலை தனக்கான உணவைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. கீழே உள்ள பச்சைத் தண்டுதான் இருவருக்கும் சேர்த்துச் சமைக்கிறது. அந்தச் சட்டியை வெளிச்சம் படாத தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வைத்தால் தண்டு பட்டினி கிடக்கும். தண்டு பட்டினி கிடந்தால் தலையும் சுருங்கும். தினமும் நீர் ஊற்றினால் வேர் அழுகும். இவ்வகை ஒட்டு நன்றாகப் பேணப்பட்டாலும் பெரும்பாலும் சில ஆண்டுகளே நீடிக்கும். அதற்குள் தலையின் பக்கத்தில் கிளைக்கும் குட்டிகளைப் பிரித்து, புதிய தண்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதையும் நாம் அந்தக் குழந்தைக்குச் சொல்லவில்லை. இரண்டு செடிகள் என்பதைக்கூடச் சொல்லவில்லை. செடி செத்ததும் கைராசி இல்லை என்று தீர்ப்பு மட்டும் சொன்னோம்!

நம் கள்ளி வேறு, இந்தக் கள்ளி வேறு

ஒட்டுக்கட்டும் முறைக்குப் போகுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழாசிரியர்களுக்கு இது குறிப்பாகத் தேவை.

சங்க இலக்கியத்தின் பாலைத் திணையில் வரும் கள்ளியும், தமிழகத்து வேலியோரங்களில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் யூஃபோர்பியா இனத்தவை. அவற்றைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் நஞ்சு; கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். கேக்டஸ் குடும்பத்தின் தாயகமோ அமெரிக்கக் கண்டங்கள். மரங்களில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் வகைகளுள் ஒன்று மட்டுமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. நாம் சப்பாத்திக்கள்ளி என்று அழைப்பதுகூட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த கேக்டஸ்தான். இரண்டையும் தமிழில் கள்ளி என்றே சொல்லிவிடுகிறோம்.

வேறுபடுத்துவது எளிது. கேக்டஸில் முட்கள் ஒரு சிறு பஞ்சுமெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். யூஃபோர்பியாவில் அந்தப் பஞ்சுப் புள்ளி இராது. ஐயமிருந்தால் பெரியவர் ஒருவர் ஊசியால் இலேசாகக் குத்திப் பார்க்கலாம். பால் கசிந்தால் அச்செடியைப் பிள்ளைகளின் கையில் தரவேண்டாம். இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள் என்பதால் ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டவும் முடியாது. உருவம் ஒத்திருந்தாலும் உறவு இல்லாதவை அவை.

ஒட்டுக்கட்டும் முறை

ஒட்டுக்கட்டுதல் என்றாலே அது கைத்திறன் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது என்னும் அச்சம் பலருக்கு உண்டு. கீழ்க்காணும் படிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரியாமல் ஒரு படியையும் செய்ய வேண்டாம் என்பதே நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் விதி.

1. டிராகன் பழக்கொடி வளர்க்கும் யாரிடமும் கேட்டால் ஒரு தண்டு கிடைக்கும். முற்றிய கட்டைத் தண்டு வேண்டாம். இளமையான, பருத்த தண்டாக ஒரு சாண் நீளம் போதும். வெட்டிய முனையை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு நடுங்கள். காயாத வெட்டுவாய் மண்ணில் அழுகிவிடும். அது வேரூன்றிப் புதிய வளர்ச்சி காட்டிய பிறகே ஒட்டுக்கட்ட வேண்டும். வளரும் திசுதான் ஒட்டிக்கொள்ளும்.

2. மழை இல்லாத நாளின் காலைவேளையைத் தேர்ந்தெடுங்கள். கூர்மையான மெல்லிய கத்தியை ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கும். அழுக்குக் கத்தி நோயைக் கொண்டுவரும். வெட்டும் வேலை பெரியவருடையது.

3. தண்டை மண்ணுக்கு மேல் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் நேர்க்கிடையாக வெட்டுங்கள். பின்னர் மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுவதுபோல் சற்றே சரித்துச் சீவுங்கள். வெட்டுவாய் காயும்போது நடுச்சதை உள்வாங்கும். தடித்த தோல் உள்வாங்காது. விளிம்பைச் சீவாவிட்டால் தோல் உயர்ந்து நின்று மேற்செடியைத் தூக்கிவிடும்.

4. வெட்டுவாயின் நடுவில் ஒரு சிறு வளையம் தெரியும். குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீரும் உணவும் செல்லும் குழாய்த்திசு அந்த வளையத்தில்தான் இருக்கிறது. மேற்செடியின் அடியை வெட்டினாலும் அதே போன்ற வளையம் தெரியும். இரண்டு வளையங்களும் தொட்டுக்கொள்ள வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்.

5. இரு வளையங்களும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அளவு வேறுபட்டால் நடுவில் வைக்கக் கூடாது. சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் எதையும் தொடாமல் நின்றுவிடும். சற்று ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தால் இரண்டும் இரு இடங்களில் குறுக்கிட்டுக்கொள்ளும். அதுவே போதும்.

6. மேற்செடியை வைத்து இலேசாக அழுத்தித் திருப்பினால் இடையில் உள்ள காற்று வெளியேறும். பிறகு இரண்டு ரப்பர் வளையங்களைச் சட்டியின் அடியிலிருந்து தலைக்கு மேலாகக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டுங்கள். இறுக்கம் அளவாக இருக்கட்டும். தளர்ந்தால் ஒட்டாது, மிகுந்தால் சதை வெட்டுப்படும்.

7. மழைச்சாரல் படாத நிழலில் வையுங்கள். வெட்டுவாயில் நீர் படக் கூடாது. பத்து முதல் பதினான்கு நாட்களுக்குப் பிறகு ரப்பரைக் கழற்றலாம். அதன்பின் தண்டின் பக்கங்களில் துளிர்கள் கிளம்பினால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் தண்டு தன் பிள்ளைக்கே ஊட்டும், ஒட்டுப்பிள்ளை இளைத்துவிடும்.

இவ்வளவுதான். முதன்முறை செய்பவர்கள் பழைய சிவப்புக் கள்ளியின் பக்கக் குட்டியையே மேற்செடியாகப் பயன்படுத்தலாம்.

செத்த செடியும் பாடநூலே

ஒட்டு தோற்றுப்போகும். ஐந்து கட்டினால் முதன்முறை இரண்டு பிழைப்பதே பெரிது. நான் இந்த வேலையைப் பரிந்துரைப்பதற்குக் காரணமே அதுதான். தோற்ற ஒட்டு, எதனால் தோற்றோம் என்பதைப் பெரும்பாலும் தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

தலை உதிர்ந்து, அடிப்பக்கம் காய்ந்து பள்ளமாகக் கிடந்தால் வளையங்கள் சந்திக்கவில்லை, அல்லது ரப்பர் தளர்ந்திருந்தது. இணைப்பு கருத்து நீர்வடிந்தால் கத்தி சுத்தமில்லை, அல்லது ஈரம் பட்டிருக்கிறது. தலை நன்றாக இருந்து தண்டு அடியிலிருந்து கொழகொழத்தால் குற்றம் மண்ணிலும் நீரிலும் உள்ளது. ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றால் விளிம்பைச் சீவியது போதவில்லை. இவற்றைக் காண நுண்ணோக்கி வேண்டாம். குனிந்து பார்த்தால் போதும்.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். ஏடுகளை மறந்து வருவான், எழுத்து கோணும். அவன் தாயார் அவனை வைத்துக்கொண்டே, “இவன் தொட்டது துலங்காது, ஐயா” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சலிப்பில் சொன்னார். அவன் தலை கவிழ்ந்திருந்தது. அந்தத் தவணையில் அறிவியல் மன்றத்தில் ஒட்டுக்கட்டினோம். அவனுடைய குழு கட்டிய ஆறில் நான்கு அழுகின. மற்றக் குழந்தைகள், “உன் கை பட்டுத்தான்” என்றார்கள். அவன் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் வந்து, “ஐயா, அழுகிய நான்கும் சன்னல் ஓரத்தில் இருந்தவை. சுவர் பக்கம் இருந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன. சாயங்கால மழை அந்தச் சன்னல் வழியாகத்தான் அடிக்கிறது” என்றான்.

நானும் சென்று பார்த்தேன். சன்னல் ஓரத்து மேசை ஈரமாகத்தான் இருந்தது. அடுத்த முறை எல்லாச் சட்டிகளையும் சுவர் பக்கம் வைத்தோம். ஆறில் ஐந்து பிழைத்தன. மதிப்பெண் அட்டையில் ‘கவனம் குறைவு’ என்று எழுதப்பட்டிருந்த பிள்ளை அவன். முப்பது பேர் பார்த்தும் காணாத ஒன்றை அவன் கண்டான். அவனிடம் கவனம் இருந்தது. அது செல்வதற்கு ஒரு பொருள் மட்டுமே இல்லாதிருந்தது.

ஆசிரியர்கள் இதை அறிவியல் செயற்பாங்குத் திறன்களோடு எளிதாக இணைக்கலாம். ஐந்து ஒட்டுகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒன்றில் விளிம்பைச் சீவாமல் விடுங்கள், அல்லது ஒன்றை மட்டும் வேறிடத்தில் வையுங்கள். மற்றவை யாவும் ஒன்றுபோல் இருக்கட்டும். ‘கட்டுப்படுத்தப்படும் மாறி’ என்று பாடநூலில் மனனம் செய்யும் சொல்லுக்கு அன்றுதான் பொருள் புரியும். 2021ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீட்டுக்கு முதன்மை தரப்பட்ட பிறகு, மூன்று வாரம் காத்திருந்து ஒன்றைக் கவனிக்கும் வேலைக்குப் பள்ளியில் இடமில்லை என்று சொல்ல நமக்கு வாய்ப்பில்லை.

நம் முன்னோர் கைராசி பார்க்கவில்லை

ஒட்டுக்கட்டுதல் நம் மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. ரப்பர் மரத்தில் மொட்டு ஒட்டும் முறை 1910களில் ஜாவா, சுமத்ரா தோட்டங்களில் உருப்பெற்றுப் பின்னர் மலாயாவுக்கும் பரவியது. தோட்டப்புற நாற்றங்கால்களில் வெயிலில் குனிந்து அமர்ந்து மொட்டு ஒட்டியவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு.

அவர்கள் எப்படி வேலை செய்தனர்? கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுப் பட்டையை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, பட்டையை நகத்தாலோ கத்தி முனையாலோ இலேசாகச் சுரண்டுவார்கள். பச்சை தெரிந்தால் பிழைத்தது. பழுப்பாக இருந்தால் செத்தது, மறுபடி ஒட்ட வேண்டும். பிழைத்ததை எண்ணித்தான் வேலையின் தரம் பேசப்பட்டது. அந்த நாற்றங்காலில் கைராசி என்று சொல்லித் தப்பிக்க இயலாது. இன்று நாம் பெருமையோடு உண்ணும் மூசாங் கிங் டுரியானும் ஒட்டுக்கன்றுகளால்தான் தன் சுவை மாறாமல் பரவுகிறது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளிடம் “உன் கைக்கு ராசியில்லை” என்று நாம் சொல்வது எவ்வளவு முரண்!

‘முயன்றால் முடியும்’ மட்டும் போதுமா?

இங்கே சிலர் சொல்வார்கள்: “கைராசி இல்லை என்று சொல்லக் கூடாது, சரி. முயன்றால் முடியும் என்று ஊக்கப்படுத்துகிறோமே!”

1998ஆம் ஆண்டு கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளை வெளியிட்டனர். ‘நீ அறிவாளி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், ஒரு தோல்விக்குப் பிறகு விரைவில் தளர்ந்தனர்; ‘நன்றாக உழைத்தாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயன்றனர். பள்ளிச் சுவர்களில் ‘என்னால் முடியும்’ என்று எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவ இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம். ஆனால், அந்த மனப்பாங்கை மட்டும் ஊட்டும் பயிற்சிகளால் தேர்ச்சியில் விளையும் பயன் முன்பு கருதிய அளவுக்குப் பெரிதன்று எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

எனக்கு அதில் வியப்பில்லை. வளையங்கள் தொடாமல் ஒட்டுக்கட்டும் பிள்ளையிடம், ‘முயற்சி செய், முயற்சி செய்’ என்று நூறு முறை சொன்னாலும் நூறு ஒட்டும் தோற்கும். நூற்றொன்றாவது முறை அந்தப் பிள்ளை, “முயன்றும் முடியவில்லை; எனக்குத்தான் ஏதோ குறை” என்று முடிவு கட்டும். கைராசிப் பேச்சும் காரணம் காட்டாத ஊக்கமும் கடைசியில் ஒரே இடத்தில்தான் குழந்தையைக் கொண்டுபோய் விடுகின்றன. வளையத்தைக் காட்டுங்கள். பிறகு முயலச் சொல்லுங்கள். கணக்கிலும் அப்படித்தான். வகுத்தலில் தடுமாறும் பிள்ளைக்கு ஊக்கமொழியைவிட, அவன் எந்தப் படியில் இடமதிப்பைத் தவறவிடுகிறான் என்று விரல் வைத்துக் காட்டுவதே பேருதவி.

எழக்கூடிய தடைகள்

*முள் குத்தாதா?* குத்தும். மடித்த நாளிதழ்த் துண்டால் செடியைச் சுற்றிப் பிடித்தால் குத்தாது. சப்பாத்திக்கள்ளியின் பொடிமுள்தான் தொல்லை; அதைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டாம். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். வளையத்தைப் பொருத்துவதும் ரப்பர் மாட்டுவதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

*முள்செடி வீட்டுக்கு ஆகாதே?* அந்த நம்பிக்கை உள்ளவர்கள் வாசலிலோ பின்கட்டிலோ வைத்துக்கொள்ளலாம். கள்ளிக்கும் வெளிச்சம் உள்ள வெளிப்புறமே நல்லது. கணினியின் கதிர்வீச்சைக் கள்ளி ஈர்த்துக்கொள்ளும் என்று மேசைமேல் வைக்கும் வழக்கத்திற்கு அறிவியல் அடிப்படை இல்லை. அங்கே வெளிச்சமின்றிச் செடி வெளுத்து, ஒல்லியாக நீளும். நாம் அதை வளர்ச்சி என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

*நம் நாட்டு மழைக்கும் புழுக்கத்திற்கும் கள்ளி தாங்குமா?* கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. வறண்ட நிலத்துக் கள்ளியின் வேர் இதற்குப் பழக்கப்பட்டதன்று. டிராகன் பழக்கொடியோ வெப்பமண்டலக் காடுகளில் மரமேறி வளர்வது. நம் புழுக்கம் அதற்குச் சொந்த ஊர்போல. ஆகவே ஒட்டுக்கட்டுவது நம் தட்பவெப்பத்தில் பயனுள்ள தீர்வு. மண்ணில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் துண்டுகளும் கலந்து, மழை நேரே விழாத, காலைவெயில் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். சிவப்பு, மஞ்சள் தலைகளுக்குக் கடும் உச்சிவெயில் ஆகாது. மண் முழுதும் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். சட்டியின் அடியில் தட்டு வைக்க வேண்டாம். தேங்கும் நீர் வேருக்கும் பகை, ஏடிஸ் கொசுவுக்கும் வீடு.

*எங்கள் பாட்டிக்கு உண்மையிலேயே கைராசி உண்டே!* இதுதான் வலுவான மறுப்பு. நான் மதிக்கும் மறுப்பும்கூட. ஆனால் அந்தப் பாட்டியை ஒரு வாரம் உற்றுப் பாருங்கள். காலையில் எழுந்ததும் செடிகளைத்தான் முதலில் பார்ப்பார். மண்ணை விரலால் தொட்ட பிறகே நீர் ஊற்றுவார். வாடிய இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். நாற்பது ஆண்டு கவனிப்பு அவர் விரலில் படிந்திருக்கிறது. அவருக்கே அதைச் சொல்லில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். நாம் அதை ராசி என்று அழைத்து, அவர் உழைப்பையும் மறைக்கிறோம். பேரக்குழந்தை அதைக் கற்கும் வழியையும் அடைக்கிறோம். “பாட்டி, இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.

முடிவாக

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சென்று கள்ளி வாங்கி வந்தாலும் சரி, இரவுச் சந்தையில் வாங்கினாலும் சரி, அது ஒரு செடியா இரண்டு செடியா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு டிராகன் தண்டைக் கேட்டு வாங்கி நட்டு வையுங்கள். ஐந்து ஒட்டுக் கட்டுங்கள். ஓர் ஏட்டில் தேதியும் இடமும் வானிலையும் எழுதச் சொல்லுங்கள்.

அவற்றில் ஒன்று சாகும்போது, நாவின் நுனிவரை வரும் அந்தப் பழைய சொல்லை விழுங்கிவிட்டு, “எங்கிருந்து அழுகியிருக்கிறது? வேரிலா, தண்டிலா, இணைப்பிலா?” என்று கேளுங்கள்.

பிள்ளை குனிந்து பார்க்கும். அது குனிந்து பார்க்கட்டும்.